மீட்டிங் மதினி

கொடைக்கானல் மலைக்கு ஏறுகிறவர்கள் வத்தலக்குண்டைப் பஸ் மாறும் ஊராகவும், அவசரமாக ஒரு டீ குடிக்கும் ஊராகவும், மலைப்பாதையில் வயிறு புரட்டாமலிருக்க எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்ளும் ஊராகவும் மட்டுமே அறிவார்களேயல்லாமல், பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தொன்றில், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து மேசைகள் துடைக்கப்பட்ட பிறகு, ஒரு மெஸ்ஸின் மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிற மகாசபையைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்தச் சபைக்கு அக்கிராசனம் வகிக்கும் அம்மையாரை ஊரார் ‘மீட்டிங் மதினி’ என்று அழைக்கிறார்கள். பெற்றோர் இட்ட பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. வேறெங்கும் அது பிரயோகத்தில் இல்லை. ஆனால் இந்த மதினி ஒரே ஆளென்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. நிலக்கோட்டையில் ஒருவர், செம்பட்டியில் ஒருவர், பெரியகுளத்தில் இருவர் என்று இவர் பல சேலைகளில் அவதரித்திருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார், தேடவேண்டியதில்லை, அவரே வருவார்.

மதினி விற்கும் சரக்கு இன்னதென்று வரையறுத்துச் சொல்வது கஷ்டம். ஆதியில் அது பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தது. பிறகு பற்பசையும் பாத்திரம் துலக்கும் திரவமுமாயிற்று. கொரோனாக் காலத்துக்குப் பின் உடம்பைத் தேற்றும் மாவாயிற்று. நடுவே ஒரு வருஷம் காந்த மெத்தையாக விரிந்து, வந்த வேகத்தில் சுருட்டிக்கொண்டது. கம்பெனிகள் வரும், போகும். மதினியும் சுண்டலும் நிலைத்திருப்பவை. இப்போது டப்பா மறுபடியும் வந்திருக்கிறது.

பெண்கள் கூடிப் பேசும் சபை இவ்வூருக்குப் புதிதல்ல. 1872-இல் வத்தலக்குண்டில் பிறந்து 26 வயதிலேயே மறைந்த பி. ஆர். ராஜமய்யர், 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் தொடராக எழுதிய ‘கமலாம்பாள் சரித்திர’த்தில், ஊர்வம்பு அளப்பதற்கென்றே கூடும் ஸ்திரீகளின் கூட்டத்துக்கு ‘வம்பர் மகாசபை’ என்று நாமகரணம் செய்திருக்கிறார். அந்தச் சபைக்குச் செலவும் இல்லை, வரவும் இல்லை. அப்படிப்பட்ட சபையின் நடுவே ஒரு டப்பாவையும் ஒரு ரசீதுப் புத்தகத்தையும் வைக்கலாம் என்ற யோசனை அமெரிக்காவில் உதித்தது. ஏர்ல் டப்பர் என்பவர் 1946-இல் சந்தைக்குக் கொண்டுவந்த, மூடி இறுகும் பாத்திரங்கள், அந்த மூடியை மூடும் வித்தையைச் சொல்லித்தர ஆளில்லாமல் கடை அலமாரிகளில் கிடந்தபோது, பிரௌனி வைஸ் என்ற பெண்மணி அவற்றை வீட்டுக்கூடத்தில் நாலு பேரை உட்காரவைத்து விற்றுக்காட்டினார். டப்பர் 1951-இல் அவரை உபதலைவராக்கி, கடைகளிலிருந்து சரக்கையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார். 1954-இல் ‘பிசினஸ் வீக்’ பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்ற முதற் பெண்மணி என்ற பெருமை வைஸ் அம்மையாருக்குக் கிடைத்தது. 1958-இல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1996-இல் அந்த டப்பா இந்தியாவுக்கு வந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் தாய்க் கம்பெனி திவால் மனுக் கொடுத்த செய்தியை மதினியிடம் யாரோ துக்கச் செய்தியாக எடுத்துச் சென்றபோது, “கம்பெனி போனா என்ன, மூடி நல்லா இறுகுதுல்ல?” என்று கேட்டுவிட்டு அவர் கடலைமாவு சலிக்கப் போய்விட்டாராம்.

மெஸ் மாடியை மதினி தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த ஆலோசனை உண்டு. வீட்டில் கூட்டினால், மாமியார் நடையில் கட்டில் போட்டுக்கொண்டு வருகிறவர்களின் குலங்கோத்திரம் விசாரிப்பார். வந்தவர்களோ டப்பாவைப் பார்ப்பதை விட்டு, சுவரில் எங்கே வெடிப்பு, பீரோ எந்தக் காலத்தது என்று பார்வையிடுவார்கள். கல்யாண மண்டபமோ இன்னும் ஆபத்தானது. இந்தச் சீமையில் மண்டபத்தில் கை நனைத்தவர்கள், நூற்றொரு ரூபாயைக் கவரில் போட்டு மொய்யெழுதிவிட்டு, கடன் தீர்ந்தது என்ற நிம்மதியோடு பஸ் ஏறிவிடுவார்கள். மதினியின் வியாபாரமோ அந்தக் கடன் தீராமலிருப்பதையே மூலதனமாகக் கொண்டது. மெஸ் மாடியில் மொய் நோட்டுக் கிடையாது, வாழை மரம் கிடையாது, மாமியார் கிடையாது. தின்றதற்கு ஈடு செய்ய மேசைமேல் இருக்கும் டப்பாவைத் தவிர வேறு மார்க்கமே கிடையாது. “சும்மா வந்து பார்த்துட்டுப் போங்க மதினி, வாங்கணும்னு ஒண்ணும் இல்ல” என்று அவர் வாசல்தோறும் அழைக்கிற அழைப்பில் பொய் எதுவும் இல்லை. வாங்கவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை அவர் செய்யமாட்டார், தாட்சண்யம் செய்துகொள்ளும்.

தேதி குறிப்பதில் அவருக்குள்ள ஞானம் பஞ்சாங்கக்காரர்களுக்கும் வாய்க்காது. முகூர்த்த நாள் கூடாது. அன்று பாதி ஊர் மண்டபத்தில் இருக்கும் என்பதோடு, நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகை எட்டாத விலைக்கு ஏறிவிடுவதால், வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு முழம் வைத்துக் கொடுப்பது கட்டுப்படியாகாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உரியது. சுய உதவிக் குழுவுக்குத் தவணை கட்டும் நாளும் அதற்கு முந்தின நாளும் ஆகவே ஆகா. 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வந்து விழத் தொடங்கியதிலிருந்து 16-ஆம் தேதி மதினியின் பஞ்சாங்கத்தில் சுப தினமாயிற்று. அன்று மேசையின் முன்வரிசையில் நிற்பவை ஆயிரத்துக்குள் அடங்கும் டப்பாக்கள், அதைத் தாண்டியவை பின்வரிசையில் நின்று, இன்றில்லாவிட்டாலும் என்றேனும் தங்கள் காலம் வரும் என்று காத்திருக்கும். நேரம் மூன்றரை மணி. அதற்கு முன் வைத்தால் உண்ட மயக்கம். ஐந்துக்கு மேல் இழுத்தால் மெஸ்காரர் ராத்திரிப் பரோட்டாவுக்கு மாவு பிசைய மேசையைக் கேட்டுக்கொண்டு மாடியேறி வந்துவிடுவார்.

பலகார விஷயத்தில்தான் மதினியின் மேதை பூரணமாகப் பிரகாசிக்கிறது. அனுபவமற்றவர்கள் வந்தவுடன் பஜ்ஜியைக் கொடுத்துக் கெடுவார்கள். எண்ணெய்க் கையால் தொட்ட டப்பாவில் ஐந்து விரலும் ரேகையோடு பதிந்து, அதை அடுத்தவர் வாங்க மறுப்பார். ஆகையால் முதலில் வருவது கொண்டைக்கடலைச் சுண்டல்: தேங்காய்ப்பூ உண்டு, மாங்காய் உண்டு, ஈரம் இல்லை. அதைப் பாக்குமட்டைத் தட்டில் பரிமாறுகிறார். ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டபடியால், பிளாஸ்டிக் விற்கக் கூட்டிய கூட்டத்திலேயே பிளாஸ்டிக்கில் தின்ன முடியாத ஒரு தர்மசங்கடம். ரவா லட்டு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது, உதிர்ந்து எறும்பை அழைக்கும் என்பதால். கேசரிக்கு நெய் வழியும் தோஷம். சகல சாஸ்திரங்களையும் அலசி மதினி கண்டெடுத்த இனிப்பு கடலை மிட்டாய். அதன் பெருமை சுவையில் இல்லை, பல்லில் ஒட்டுவதில் இருக்கிறது. விலைப் பட்டியலைப் பிரிப்பதற்குச் சரியாக ஒரு நிமிஷத்துக்கு முன் அது விநியோகமாகும், “இம்புட்டு விலையா?” என்று கேட்கத் துடிக்கும் வாய்களெல்லாம் வெல்லப்பாகில் சிறைப்பட்டுக் கிடக்கும் அந்த அவகாசத்தில், அவர் சின்ன டப்பாவிலிருந்து பெரிய டப்பா வரைக்கும் விலை சொல்லி முடித்து, மூன்றாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடிக்கு வந்துவிடுவார்.

பிறகுதான் பஜ்ஜி. இதைச் சுட்டு எடுத்துவரக் கூடாது. கீழே மெஸ் அடுப்பில் எண்ணெய் காய்ந்து, வாழைக்காய் விழுகிற ஓசையும் பெருங்காய வாசனையும் மாடிப்படி வழியாக ஏறிவந்து, “பிள்ளை வர்ற நேரமாச்சு, கிளம்புறேன்” என்று முந்தானையை உதறிய மூவரை மறுபடி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். பஜ்ஜி தின்று முடித்த கணத்தில் ஆர்டர் புத்தகம் சுற்றுக்கு வருகிறது. கையெல்லாம் எண்ணெய்; பேனாவை எப்படிப் பிடிப்பது? “நீங்க தொடாதீங்க மதினி, நான் எழுதிக்கிறேன்” என்று அவரே எழுதிக்கொள்கிறார். ஒன்று கேட்டவர் பெயருக்கு நேரே இரண்டு விழுந்திருப்பது சரக்கு வீட்டுக்கு வரும்போதுதான் தெரியும். அப்போது பஜ்ஜியை நினைத்துக்கொண்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

டீ கடைசியில். டீ குடித்தவள் எழுந்துகொள்வாள் என்பது நம் சபைகளின் புராதன மரபாதலால், மதினி முந்தானையை இடுப்பில் செருகும் சமிக்ஞை கிடைக்கும்வரை டீ மேலே ஏறக்கூடாது என்று மெஸ் பையனுக்கு உத்தரவு. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தனி பிளாஸ்கில் சீனியில்லாத சுக்கு காபி உண்டு. தன் வியாதியைத் தன் மருமகளைவிட நன்றாக இவள் ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று உள்ளம் நெகிழ்கிற மூதாட்டிகள் அன்று பின்வரிசை டப்பாவைக் கை நீட்டிக் கேட்டதுண்டு.

சரக்கின் குணத்தைப் பிரத்தியட்சமாக நிரூபிக்கும் கட்டத்தை நான் மறந்துவிட்டேன் என்று எண்ணவேண்டாம். அது சுண்டலுக்கும் கடலை மிட்டாய்க்கும் இடையே நிகழ்வது. வைஸ் அம்மையார் கிண்ணத்தில் திரவத்தை நிரப்பி மூடி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறிந்து காட்டுவாராம். மதினி எறிவதில்லை. டப்பாவில் மோரை நிரப்பி, மூடியின் நடுவே பெருவிரலால் அழுத்தி, விளிம்பைச் சற்றே தூக்கி உள்காற்றை வெளியேற்றி, கூட்டத்திலேயே விலையுயர்ந்த பட்டுச் சேலையில் வந்திருப்பவர் யாரென்று பார்த்து, அவர் மடியில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். சபை மூச்சடக்கி நிற்கிறது. சேலைக்காரி தெய்வங்களை அழைக்கிறார். மோர் சிந்துவதில்லை. காற்று வெளியேறும் அந்தச் சின்னச் சத்தத்தை டப்பாவின் ஏப்பம் என்று சொல்வது அமெரிக்கச் சம்பிரதாயம். டப்பா ஏப்பம் விட்ட பிறகே விருந்தாளிகளை ஏப்பம் விடவைப்பது வத்தலக்குண்டுச் சம்பிரதாயம்.

இத்தகைய சபையில் ஒரு ஆட்சேபகர் இல்லாமற் போவாரா? ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை விதிகளைப் படித்துவிட்டு வந்திருந்தார். ஆளைச் சேர்ப்பதற்குப் பணம் வாங்குகிற சங்கிலி வியாபாரம் குற்றம் என்பதை முதலில் எடுத்துரைத்தார். மதினி பக்தியோடு தலையாட்டினார். நேரடி விற்பனையாளர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் நுகர்வோரின் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதை டீச்சர் அடுத்து எடுத்துரைத்து, அட்டை எங்கே என்று கேட்டார். “நாங்க உங்க வீட்டுக்கு வரலையே டீச்சர், நீங்கதான எங்களத் தேடி வந்திருக்கீங்க?” என்றார் மதினி. முப்பது வருஷம் வகுப்பறையை ஆண்ட டீச்சருக்கு, பதில் சொல்ல வாய் திறந்தபோது, அதில் கடலை மிட்டாய் இருந்தது.

லாபக் கணக்கை அறிய விரும்புகிறவர்கள் மதினியின் கணவரைக் கேட்கவேண்டும். காய்கறிக் கமிஷன் கடையில் கணக்கெழுதுகிற அந்த அண்ணனுக்குக் கமிஷன் என்பது இன்னதென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது இருநூறோ, மிஞ்சினால் இருநூற்றைம்பதோ; அதில் கடலைமாவு, எண்ணெய், வாழைக்காய், பூ, டீ, மெஸ்காரருக்குக் கொடுக்கும் மாடி வாடகை இவற்றைக் கழித்து, டப்பா வாங்காமல் பஜ்ஜியை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற பெரியம்மாக்களின் பங்கையும் கழித்தால், அடியில் நிற்கும் தொகைக்கு முன்னால் அவர் ஒரு சின்னக் கோடு போட்டு, பேசாமல் நோட்டைத் திருப்பிக் காட்டுவார். மதினிக்கு அந்தக் கோடு தெரியாததல்ல. ஆனால் அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் ஒன்றாக உட்காருவதற்குச் சாவும் கல்யாணமும் சடங்கும் தவிர வேறு காரணம் கிடையாது. அவற்றில் எதிலும் உட்கார்ந்த இடத்துக்கே பலகாரம் வந்து, பாத்திரம் கழுவும் வேலை இல்லாமல், ஒன்றரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போகும் வசதியும் கிடையாது. குழுக் கூட்டத்தில் தவணைக் கணக்கு வாசித்துப் பழகிய குரலை மதினி வைத்துக்கொண்டு வேறென்னதான் செய்வார்? “பஜ்ஜி கம்பெனி நஷ்டத்துல ஓடுது” என்று அண்ணன் சொன்னால், “மிச்சம் ஆறு இருக்கு, சூடா இருக்கையிலேயே சாப்பிடுங்க” என்பதே பதில். அண்ணன் சாப்பிடுகிறார்; அந்த ஆறையும் செலவுப் பக்கத்தில் எழுதுகிறார்.

ஒவ்வொரு கூட்டமும் முடியுமுன் அடுத்த கூட்டத்துக்கு ஒரு வீட்டம்மாளைப் பிடித்துவிட வேண்டும் என்பது இந்த வியாபாரத்தின் மூலமந்திரம். அவருக்கு ஒரு டப்பா இனாம். சென்ற கூட்டத்தில் அந்த இனாம் டப்பா யார் கைக்குப் போயிற்று என்று கேட்டால், டீச்சர் கைக்கு. அடுத்த 16-ஆம் தேதி அவர் வீட்டு மொட்டைமாடியில் மீட்டிங். ஆனால் சட்டம் சட்டமே என்பதில் டீச்சர் உறுதியாக இருக்கிறார். முன் அனுமதியைக் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாலொழிய மதினியை வாசற்படி தாண்ட விடமாட்டார். மதினி இரண்டுக்கும் உடனே சம்மதித்துவிட்டார். டீச்சர் வெங்காயப் பக்கோடா போடுவதாகச் சொன்னதற்குத்தான் இன்னும் சம்மதிக்கவில்லை; பக்கோடாவைச் சுண்டலுக்கு முன் கொடுப்பதா பின் கொடுப்பதா என்ற பேச்சுவார்த்தை இரு தரப்பிலும் விட்டுக்கொடுக்காமல் நடந்துவருகிறது.