அம்மணிக்கு அப்புச்சி சொல்ற புத்தி

அம்மணி, டாக்டருக்குப் படிச்சு திருப்பூர்ப் பக்கமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துட்டே. சந்தோசம். அப்புச்சி சொல்றதைக் கேட்டு நடந்தா விருது நிச்சயம்.

மொதல்ல சுவத்துக்கு வெள்ளையடி. ஆஸ்பத்திரி சுத்தத்துக்குக் குடுக்கற காயகல்ப் பரிசுக்குப் பாக்க வர்ற ஆபீசருக்குச் சுவரு பளிச்சுன்னு தெரியும். நர்சம்மா கண்ணுக்கடியில கருப்புத் தட்டியிருக்கறது தெரியாது. ராத்திரி டூட்டி பாத்த பிள்ளையையே பகலுக்கும் நிறுத்து. ஆளு பத்தலைன்னு மேல எழுதிப் போட்டறாத, பொல்லாப்பு. 2015-ல எம்.ஆர்.பி.ங்கற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட பரீட்சை எழுதி வந்த நர்சுகளுக்கு அப்ப மாசம் 7,700 ரூவா குடுத்தாங்க. ரெண்டு வருசத்துல நிரந்தரம்னாங்க. அந்தக் காசுக்கு என்ற தோட்டத்துல தேங்கா பொறுக்கக்கூட ஆளு வராது. பொறுத்துப் பாத்துட்டு 2017 நவம்பர்ல அதுக சென்னைத் தேனாம்பேட்டையில மருத்துவத் துறை ஆபீசு இருக்கற டி.எம்.எஸ். வளாகத்துல போயி உக்காந்துச்சுக. நர்சு நின்னா சேவை, உக்காந்தாப் போராட்டம். அதனால உன்ற ஆஸ்பத்திரியில நாற்காலியக் கொறச்சுப் போடு.

அப்பறம் இந்தப் பனியன் கம்பெனி சனம். ஒடிசா, பீகாருன்னு அங்கிருந்து வந்தது. போன மாசம் ஒரு ஆஸ்பத்திரியில பாத்தேன். ரத்தம் கம்மியா இருந்த மாசமான பிள்ளை ஒருத்திக்கு இரும்புச்சத்து மாத்திரையக் குடுத்து, "டீயோட போடக்கூடாது"ன்னு நர்சம்மா தொண்டை வறளச் சொல்லுது. அவளுக்குப் புரிஞ்சது டீ ஒண்ணுதான். தலையாட்டிட்டு நேராப் பேக்கரிக்குப் போயி டீயிலயே போட்டு முழுங்கிட்டா. ரத்தம் ஏறலைன்னா அவளையே வஞ்சுக்கலாம், அதுவும் அவளுக்குப் புரியாது.

இன்னொருத்திக்கு மூணாப்புப் படிக்கற மகந்தான் பேச்சுக்காரன். எத்தனை நாளா ரத்தம் போவுதுன்னு டாக்டரு கேட்டா, பையன் மொகட்டைப் பாக்கறான். கடைசியா "வயித்துவலி"ங்கறான். சுருக்கமான பையன். டாக்டரும் சுருக்கமா ஒரு மாத்திரை எழுதிட்டாரு.

நீ போர்டை மட்டும் பெருசாத் தமிழ்ல எழுதி வெய்யி. தேசியத் தரச் சான்றுக்கு வர்றவங்க, தகவலு உள்ளூர் பாசையில இருக்கான்னுதான் பாப்பாங்க. இருக்குது, மார்க்கு விழுந்துரும். வீடு தேடிப் போயி மருந்து குடுக்கற மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்டுல சாமனப்பள்ளியில தொடங்குனாங்களே, அந்தத் திட்டத்து அம்மணிகளும் லைன் வீட்டுக் கதவைத் தட்டிட்டுச் சிரிச்சுட்டு வரட்டும்.

ரீசார்ஜ் கடைக்காரன் இந்தியில வெலை சொல்றான், கறிக்கடைக்காரன் ஒடியாவுல எலும்பு வேணுமாங்கறான். காசு வாங்கற எடத்துல பாசை தானா வந்துருது. நீ இலவசம், உனக்கென்னத்துக்கு?

லைன் வீட்டுல பன்னெண்டாவது படிச்ச ஒடிசாப் பிள்ளை ஒண்ணு நல்லாத் தமிழ் பேசுதாம். நோயாளிக பேச்சைத் தமிழ்ல மாத்திச் சொல்லச் சம்பளம் போட்டு வெச்சுக்கலாமான்னு கேட்டியாமே? கெடுத்தே போ! அது வந்தா நோயாளி வாயத் தொறப்பா. தொறந்தா நாலு கேள்வி கேப்பா. நீ பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள மத்தியானச் சோறு ஆறிப்போயிரும் அம்மணி.