ஏக்கருக்கு மூன்று ரூபாய் எண்பத்திரண்டு காசு

பெறுநர்: ஆணையர், நில நிர்வாக ஆணையரகம், எழிலகம், சேப்பாக்கம், சென்னை.

பொருள்: கடலூர் மாவட்டம், செம்மங்குப்பத்தில் நண்பர்கள் சனி, ஞாயிறுகளில் கோல்ஃப் ஆட 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கிண்டி குதிரைப் பந்தய மைதானக் குத்தகை ஒப்பந்தம், 1945.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வார இறுதியில் நான்கு நண்பர்கள் சேர்ந்து கோல்ஃப் ஆடப் போவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று பெரிய மனிதர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். செம்மங்குப்பத்துக்காரர்கள் அந்த நன்மையை அடைய வேண்டுமானால் சென்னைக்கோ கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போக வேண்டும். பேருந்துக் கட்டணம் பெரிய தடையல்ல. மைதானம் கிளப்பினுடையது, கிளப் உறுப்பினர்களுடையது, உறுப்பினராகச் சேர ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் முன்மொழிய வேண்டும். பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவி மாட்டிக்கொண்ட கதைதான். ஊரார் மைதானத்தைத் தேடிப் போவதைவிட மைதானம் ஊரைத் தேடி வருவதே சுலபம் என்று தோன்றியதால் இந்த விண்ணப்பம். புதிதாகச் சலுகை எதுவும் கேட்கவில்லை. தங்கள் துறையின் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்பை ஜெராக்ஸ் எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

அந்தக் கோப்பின் விவரம் தாங்கள் அறிந்ததுதான் என்றாலும், விண்ணப்பம் என்றால் விவரம் வேண்டும். சென்னைக் கிண்டியில் 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம் 1945-ல் போடப்பட்ட ஒப்பந்தத்தின்படி, 1946 முதல் 99 ஆண்டுகளுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் குத்தகையாகப் போனது. குதிரை ஓடும் வட்டத்தின் நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். மொத்த நிலத்துக்கும் ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 3 ரூபாய் 82 காசு வருகிறது, சென்ட்டுக்கு நாலு காசுகூட முழுதாக வரவில்லை. இதே விகிதத்தில் கிராமத்து ஏழை ஒருவருக்கு மூன்று சென்ட் மனை கொடுத்தால், ஆண்டு முழுவதற்கும் அவர் கட்ட வேண்டியது பதினோரு காசும் கொசுறும். அந்தக் காசை அச்சடிப்பதை மத்திய அரசு எப்போதோ நிறுத்திவிட்டதால் வசூலிப்பதில் சிக்கல் வரலாம். செம்மங்குப்பம் நேர்மையான ஊர், முழு ரூபாயாகவே கட்டிவிடும்.

கிண்டிக் குத்தகைதான் ரத்தாகிவிட்டதே, செத்த ஒப்பந்தத்தைக் காட்டி எப்படிக் கேட்கலாம் என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். ரத்தானது உண்மை. 1970 முதல் 2004 வரையிலான உயர்த்தப்பட்ட வாடகைப் பாக்கி 730 கோடியே 86 லட்ச ரூபாயைக் கட்ட வேண்டும் என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது. கிளப்புகள் மறுபடி நீதிமன்றம் போயின, அது அவர்கள் உரிமை. எங்கள் கண்ணுக்குப் படுவது அந்த இடைவெளிதான். வாடகைத் தகராறு 1970-ல் தொடங்குகிறது, வாசலில் சீல் விழுவது 2024-ல். ஐம்பத்துநாலு ஆண்டுகள்! அதே பொறுமையை எங்களுக்கும் காட்டினால் போதும். இருபத்தைந்தாம் ஆண்டு தாங்கள் வாடகையை உயர்த்துங்கள், நாங்கள் கட்டாமல் இருக்கிறோம், அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆடிக்கொண்டிருக்கிறோம். செத்த ஒப்பந்தம் என்றாலும் வாழ்ந்தவரை நன்றாக வாழ்ந்திருக்கிறது.

அரசு நிலத்தில் கோல்ஃப் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் முதலில் வரும் பதில், அது நகரத்தின் நுரையீரல் என்பது. மரம் இருக்கிறது, புல் இருக்கிறது, குருவி வருகிறது, கட்டடக்காரர்கள் கையில் போகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்பார்கள். இதில் பொய் இல்லை. கோல்ஃப் மைதானம் இல்லாதிருந்தால் அங்கே என்னவெல்லாம் முளைத்திருக்கும் என்பது சென்னையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இந்த வாதத்தை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறோம். நுரையீரல் தேவைப்படும் இடத்தில் கோல்ஃப் மைதானம் வேண்டும். அப்படியானால் தமிழ்நாட்டில் முதல் மைதானம் வந்திருக்க வேண்டிய ஊர் எது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டது. எழுபதைத் தாண்டினால் கடுமையாக மாசுபட்ட பகுதி. கடலூர் வாங்கிய மதிப்பெண் 77.45. பரீட்சையில் இது முதல் வகுப்பு. செம்மங்குப்பத்தை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் இயல்பைவிடக் குறைந்தது 2000 மடங்கு என்று நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் 2007-ல் சொன்னது. அதற்கும் முன்பே, 2004 வாக்கில், சிப்காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து எந்த நாற்றம் வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். கிண்டிக்காரர்கள் தங்கள் காற்றை வாளியில் பிடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே தேசியப் பூங்காவும் இருக்கிறது. ஆக, நுரையீரல் ஏற்கெனவே இருந்தவருக்கு இன்னொன்று வைத்தீர்கள், இருமுகிறவருக்கு ஒன்றும் வைக்கவில்லை.

தொழிற்சாலை வளாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பசுமைப் பட்டை வளர்க்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் அனுமதியிலேயே நிபந்தனை இருக்கிறதே, தனியாக மைதானம் எதற்கு என்று கேட்கலாம். நிபந்தனை இருக்கிறது. அது காகிதத்தில் செழித்து வளர்ந்திருக்கிறது, தண்ணீரே ஊற்ற வேண்டியதில்லை. கோல்ஃப் மைதானத்தில் ஒரு வசதி உண்டு. அங்கே புல் இரண்டு நாள் வாடினால்கூட ஆடுகிறவர் விடமாட்டார், செயலாளரைக் கூப்பிட்டுக் கத்துவார். தமிழ்நாட்டில் பசுமையைக் காப்பாற்ற வனத்துறையையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும்விட, சனிக்கிழமை காலையில் மட்டையோடு வருகிறவரின் கோபம் அதிகப் பலன் தரும் என்பதே எங்கள் கணிப்பு.

சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சிலர் மறுப்புச் சொல்வார்கள் என்பதும் தெரியும். வெயில் நாட்டில் பதினெட்டுக் குழி மைதானம் நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் தண்ணீர் குடிக்கும், களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் பூஞ்சை மருந்தும் ஓயாமல் கேட்கும் என்பார்கள். இதை எதிர்த்தே 1993-ல் ஆசிய நாட்டு ஆர்வலர்கள் கோல்ஃபுக்கு எதிராக உலக இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மெக்சிகோவின் தெபோஸ்த்லான் என்ற ஊர் 1995-ல் தங்கள் மலையடிவாரத்தில் கோல்ஃப் மைதானம் வேண்டாம் என்று எழுந்து நின்று, உள்ளூர் நிர்வாகத்தையே துரத்திவிட்டுத் திட்டத்தையும் முடக்கியது. நியாயமான கவலைகள்தான். ஆனால் செம்மங்குப்பத்துக்கு இவை பொருந்தா. பூச்சிமருந்து தயாரிக்கும் ஆலைகள் சிப்காட்டிலேயே இருக்கின்றன, லாரி வாடகை மிச்சம். மைதானத்திலிருந்து நஞ்சு நிலத்தடி நீரில் இறங்கிவிடும் என்ற அச்சம் இங்கே யாருக்கும் எழாது. கோல்ஃப் வரும்வரை நஞ்சு காத்திருக்கவில்லை. மற்ற மைதானங்களில் ஆட்டக்காரர் பந்தைத் தொலைப்பதற்கென்று காசு செலவழித்துக் குட்டை வெட்டுவார்கள். எங்களுக்கு உப்பனாறு இருக்கிறது. அதில் விழுந்த பந்தைக் கையால் எடுக்க யாரும் இறங்க மாட்டார்கள், ஆகவே விதிமீறலும் நடக்காது.

அடுத்தது, ஏழைகளுக்கு எதற்குக் கோல்ஃப் என்ற கேள்வி. இதை வெளிப்படையாக யாரும் எழுத மாட்டார்கள், கோப்பில் ‘பொதுப் பயன்பாடு இல்லை’ என்று எழுதுவார்கள். இந்தியாவில் கோல்ஃப் ஏழைகளின் தோளில்தான் வந்திருக்கிறது, பையை அவர்கள்தான் தூக்கினார்கள். 1829-ல் கல்கத்தாவில், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் முதல் கோல்ஃப் கிளப் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. அப்படிப் பை தூக்கிய கேடிகளில் ஒருவரான அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார், இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் அதற்கு முன் வென்றதில்லை. பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். எனவே செம்மங்குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியாது என்ற வாதம் எடுபடாது. உடை சரியில்லை என்று சொன்னாலும் எடுபடாது. 2014-ல் தங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. சட்டமன்றம் அடுத்த மாதமே சட்டம் இயற்றி அந்தத் தடையை நீக்கியது. மூன்று ஆண்டு கழித்து டெல்லி கோல்ஃப் கிளப்பில், ஜைன்செம் என்ற மரபு உடையில் விருந்துக்கு வந்த காசிப் பழங்குடிப் பெண்ணை வேலைக்காரி மாதிரி இருக்கிறார் என்று வெளியே அனுப்பினார்கள். எங்கள் மைதானத்தில் கைலிக்கும் அனுமதி உண்டு. மடித்துக் கட்டினால் மட்டை வீசத் தோதாகவே இருக்கும்.

இனி நிலம். கடலூரில் அத்தனை நிலம் ஏது என்று தாங்கள் கேட்பீர்கள். அரசிடம் நிலம் இருக்கிறதா இல்லையா என்பது கேட்கிறவரைப் பொறுத்தது என்பதே வருவாய்த் துறையில் நீண்ட காலம் மனு கொடுத்தவர்களின் அனுபவம். புறம்போக்கில் ஓலைக் குடிசை போட்டவருக்கு ஆண்டுதோறும் பி-மெமோ என்னும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் தவறாமல் வரும். சிப்காட்டில் ஆலைகளுக்கு மனை 99 ஆண்டுக் குத்தகையில் கிடைக்கும், அந்த எண் எங்களுக்கும் பழகியதுதான். இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும், இதில் கேலிக்கு இடமில்லை. 2025 ஜூலை 8 காலை செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்கிற இன்டர்லாக்கிங் ஏற்பாடு அப்போது அந்தக் கேட்டில் இருக்கவில்லை. ரயில்வேயின் முழுச் செலவில் சுரங்கப்பாதை அமைக்க ஒப்புதல் தந்துவிட்டோம், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதிதான் ஓராண்டாக வரவில்லை என்று தெற்கு ரயில்வே அன்றைக்கே அறிக்கை விட்டது. யார் தாமதித்தார்கள் என்ற வழக்கைத் தீர்ப்பது இந்தக் கடிதத்தின் வேலையல்ல. 160 ஏக்கரை 614 ரூபாய்க்கு வைத்துக்கொள்ள ஒருவருக்கு எழுபத்தெட்டு ஆண்டுகள் கிடைக்கும் மாநிலத்தில், ஒரு சாலை தண்டவாளத்துக்கு அடியில் போக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது மட்டுமே கேள்வி.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். கிண்டி நிலத்தை மீட்டபின் அரசு அதை விற்கவில்லை. அதில் பெரும்பகுதி பூங்காவுக்கென்று தோட்டக்கலைத் துறைக்குப் போனது, வேளச்சேரியின் வெள்ளத்தைத் தாங்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. இது நல்ல காரியம், தாமதமாக நடந்தாலும் நல்ல காரியம். பொது நிலம் எதற்கு என்பது தங்கள் துறைக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆகவே எங்களுக்கு மைதானத்தை மறுத்துவிட்டு, அதே 160 ஏக்கரில் மரம் வைத்துக் குளம் வெட்டிக் கொடுத்தாலும் வருத்தப்பட மாட்டோம். கோல்ஃப் மட்டையை விற்றுவிடுவோம். இன்னும் வாங்கவில்லை என்பதால் அதிலும் சிரமமில்லை.

மறுப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். காரணத்தை எழுத்தில் தாருங்கள். பொதுப் பயன் இல்லை, சந்தை மதிப்பில் வாடகை இல்லை, தண்ணீர் போதாது, சிலருடைய பொழுதுபோக்குக்குப் பலருடைய நிலத்தைத் தர முடியாது என்று எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றை, தமிழ்நாட்டில் அரசு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு கிளப்பின் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செம்மங்குப்பம் கோல்ஃப் விண்ணப்பதாரர்கள் சார்பில்.