பீப் அடிச்சாத்தான் காசு

வாலே பேராண்டி. கம்பெனியில தள்ளுபடி ஸ்கீம் பட்ஜெட் முழுக்க ஒன் கையில குடுத்திருக்காவளாமே! போன மாசம் சோப்பு பறந்துச்சுன்னு ஒங்கம்மாட்ட பீத்துனியாம். எங்கலே பறந்துச்சு? கடைக்காரன் குடோனுக்குத்தான்.

நானும் கல்லாவுல உக்காந்தவன்லா. மாசக் கடைசியில சேல்ஸ்மேன் தலையச் சொறிஞ்சிட்டு வருவான். "அண்ணாச்சி, டார்கெட்டு இடிக்கி, ஸ்கீம் இருக்கு, அள்ளிப் போடுங்க"ம்பான். பாவமேன்னு அள்ளுவேன். ஸ்கீம் முடிஞ்ச மறுநாளு முழு வெலைக்கு விப்பேன். வாங்குத சனத்துக்குன்னு குடுத்த தள்ளுபடி ஒங்கத்தை கல்யாணத்துக்குப் போச்சு. வருசா வருசம் கேலண்டர் வேற குடுத்தானுவ.

அமெரிக்காக்காரன் மட்டும் யோக்கியமாக்கும்? தள்ளுபடியில வாங்கிக் குவிச்சு, மிச்சத்தத் தள்ளுபடி இல்லாத ஊருக்கு ஏத்திவிட்ட ஆளுவ அங்கயும் உண்டு. அதுக்கு மருந்து பார்கோடுலதான் வந்துச்சு. 1974 ஜூன் 26-ல ஒகையோ மாநிலத்து டிராய் ஊர்ல, மார்ஷ் கடையில, 67 சென்ட்டு ஜூசி ஃப்ரூட் சூயிங்கம் கட்டுதான் இப்ப புழங்குத யு.பி.சி. பார்கோடுல மொத மொத பீப் அடிச்சது. அந்த பீப்பைக் கம்பெனிக்காரன் மெதுவாத்தான் புரிஞ்சுக்கிட்டான். அப்புறம்லா ஸ்கேன்-பேக்குன்னு ஒண்ணு கொண்டாந்தான்: குடோனுக்குப் போன பெட்டிக்குக் காசு கெடையாது, பில் கவுண்டர்ல பீப் அடிச்ச பாக்கெட்டுக்குத்தான் காசு. எங்காலத்துல இது இல்லாமப் போனது ஒங்கத்தை அதிர்ஷ்டம்.

அதுக்காவ பீப்பு சொன்னதெல்லாம் சத்தியம்னு நம்பிராத. சும்மா இருக்க வாரத்துல 100 சோப்பு விக்கின்னு வெய்யி. அஞ்சு ரூவா தள்ளுன வாரத்துல 180. அடுத்த வாரம் 60 — பொம்பளையாளுவ வாங்கி வீட்டுல அடுக்கிட்டாவல்லா! கூட வித்தது 40-தான். நீ குடுத்த தள்ளுபடியோ 900 ரூவா. கூடுதலா ஒரு சோப்பு விக்க 22.50 ரூவா அழுதிருக்க, மேனேஜரு கைகுலுக்குதாரு.

தீவாளிக்குத் தானா விக்குத நல்லெண்ணெயில ஸ்கீம் போட்டுட்டு வித்துத் தள்ளுனேன்னு சொல்லுதது, ஆடிப்பெருக்குக்கு ஆத்துல ஒரு சொம்புத் தண்ணி ஊத்திட்டு வெள்ளம் என்னாலதான்னு சொல்லுத மாதிரி.

இன்னொண்ணு. கவுண்டர்ல நிக்க புள்ளைக்குக் கால் வலி. மல்லிகை, சந்தனம், எலுமிச்சைன்னு மூணு சோப்பு நீட்டுனா, மல்லிகையை அடிச்சு மூணுன்னு தட்டிரும். நீ ஆபீசுல மல்லிகைக்கு மவுசு கூடிட்டுன்னு படம் போட்டுக் காட்டுவ. கணக்குல ஒரு சோப்புக்குப் பூச்சியம் விழுந்தாலும் பொறுமையா இரி. சோப்பு புடிக்கலையா, தட்டுல சரக்கே இல்லியான்னு மொதல்ல போயிப் பாரு. நம்மூரு பெட்டிக்கடையில பீப்பே கெடையாது. சூப்பர் மார்க்கெட் கணக்க அங்கன கொண்டுபோயி ஒட்டாத.

அடுத்த ஸ்கீமுக்கு முந்தி கடைக்காரன்ட்ட ஸ்கீமுக்கு முன்ன, நடுவுல, பின்ன மூணுக்கும் பில் கணக்கு வேணும்னு எழுதி வாங்கிக்க. காப்பி வாங்கித் தந்துட்டு, கணக்க மட்டும் அப்புறம் பாப்போம்பான் ஒருத்தன். அவனுக்கு ஸ்கீமே குடுக்காத. அவன் எங்கிட்ட வேல பழகுனவன்.