போதிய தபால்தலை

பிரசுரத்துக்கு ஏற்காத கதையைத் திரும்பப் பெற விரும்புவோர், போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையை உடன் வைத்து அனுப்ப வேண்டும் என்னும் விதி, தமிழ்ப் பத்திரிகைகள் கதை கேட்டு வெளியிட்ட அறிவிப்புகளில் நெடுங்காலம் இடம்பெற்று வந்தது. சுயவிலாசமிட்ட உறை என்பது, அனுப்புபவர் தம் முகவரியைத் தாமே எழுதி, திரும்பி வருவதற்கான கட்டணத்தையும் தாமே செலுத்தி, மடித்து உள்ளே வைக்கும் இரண்டாவது உறையாகும். பொருளியல் நோக்கில், ஓர் எழுத்தாளர் தம் நிராகரிப்புக்குத் தாமே முன்பணம் கட்டும் ஏற்பாடு என்று இதனை வரையறுக்கலாம். இவ்விதியில் உள்ள 'சுயவிலாசம்' எவரையும் துன்புறுத்தியதில்லை. தம் முகவரி தமக்குத் தெரியாதவர் கதை எழுதுவது அரிது. 'உறை' பெட்டிக்கடையிலும் கிடைத்தது. துன்பம் முழுவதும் 'போதிய' என்னும் மூன்றெழுத்துச் சொல்லில் அடங்கியிருந்தது. அதிலும், கதை எழுதியவர் யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ இருக்க, ஆசிரியர் சென்னையில் இருப்பாராயின், அச்சொல்லுக்கு உரை காண்பது சங்கப் பாடலுக்கு உரை காண்பதைக் காட்டிலும் கடினமாயிற்று.

இக்கடினத்தின் வேர் தபால்தலையின் இயல்பிலேயே உள்ளது. தபால்தலை என்பது, ஒரு நாட்டின் அஞ்சல் துறை தன் சேவைக்கான கட்டணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டதற்குத் தரும் பசையிட்ட ரசீது. ஒருவர் பெற்ற பணத்துக்கு இன்னொருவர் சுமை தூக்கமாட்டார் என்பதால், இலங்கைத் தபால்தலை சென்னை அஞ்சல் பெட்டிக்குள் விழுந்த கணத்தில் வெறும் படமாகிவிடுகிறது. திரும்பி வரும் உறை புறப்படும் நாடு சென்னையைக் கொண்ட இந்தியா. ஆகவே அதில் இந்தியத் தபால்தலைதான் இருக்க வேண்டும். அதுவும் உள்நாட்டுக் கட்டணத்துக்கு அன்றி, வெளிநாட்டுக் கட்டணத்துக்கு இருக்க வேண்டும். இவ்விரு நிபந்தனைகளில் முதலாவதை மறந்தவர் தம் நாட்டுத் தலையை ஒட்டினார். முதலாவதை நினைவில் வைத்தவர் பெரும்பாலும் இரண்டாவதை மறந்தார்.

உலகம் இதைக் கவனிக்காமல் இருந்துவிடவில்லை. 1874 அக்டோபர் 9 அன்று ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் ஓர் அஞ்சல் சங்கம் தோன்றி, 1878இல் உலக அஞ்சல் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது. இந்தியா 1876இலும் இலங்கை 1877இலும் அதில் சேர்ந்தன. உறுப்பு நாடுகள் அனைத்தும் கடிதங்களைப் பொறுத்தவரை ஒரே நிலப்பரப்பு என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இக்கொள்கையால் கடிதத்துக்கு உலகக் குடியுரிமை கிடைத்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தலைக்கோ பாஸ்போர்ட்கூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தான் வசூலித்த கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்றும் அச்சங்கம் வகுத்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் வரும், ஆகவே போக்கும் வரவும் சமன்படும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இந்நியாயத்தை எழுதியவர்கள் பத்திரிகை ஆசிரியர் எவருக்கும் கடிதம் எழுதிப் பார்த்தவர்கள் அல்லர் என்பது வெளிப்படை. போக்கும் வரவும் சமமில்லை என்பதைச் சங்கம் ஏற்று, கூடுதலாகப் பெறும் நாட்டுக்கு ஈடு தரும் முறையை 1969ஆம் ஆண்டு டோக்கியோ மாநாட்டில் வகுத்தது. எழுத்தாளர்கள் இவ்வுண்மையை மிக முன்னரே அறிந்திருந்தனர், அவர்களுக்குத்தான் ஈடு எதுவும் கிடைக்கவில்லை.

இனி எடைக் கணக்கு. வழக்கமான ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். சாதாரண உறை ஒன்றுக்கும் ஏறத்தாழ அதே எடை கொள்ளலாம். பல நாடுகளில் கடிதக் கட்டணத்தின் முதற்படி 20 கிராமோடு முடிகிறது. ஆகவே முதற்படிக் கட்டணத்தில் வீடு திரும்ப விரும்பும் கதை மூன்று தாளுக்குள் அடங்க வேண்டும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்பது பத்திரிகைகளின் மற்றொரு விதியாதலால், மூன்று பக்கங்களுக்குள் அடங்க வேண்டும். முதல் பக்கத்தில் காதல், இரண்டாம் பக்கத்தில் எதிர்ப்பு, மூன்றாம் பக்கத்தில் கல்யாணமோ காரியமோ என்று முடித்தாக வேண்டிய இலக்கணம் இதனால் பிறக்கிறது. சிறுகதையில் வர்ணனை குறைந்ததற்குக் காரணம் தேடும் ஆய்வாளர்கள் மேலைநாட்டுத் தாக்கத்தோடு அஞ்சலகத் தராசையும் ஆராய்வது நலம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கதை போகும்போது மூன்று தாளும் உள்ளுறையும் வெளியுறையுமாக 25 கிராம் இருந்து அடுத்த படிக்கட்டணத்தைக் கேட்கிறது. திரும்பும்போது 20 கிராமாக இளைத்துவிடுகிறது. கதையிலிருந்து ஆசிரியர் தமக்கென்று எடுத்துக்கொண்டது வெளியுறை ஒன்றுதான் என்பது இவ்வாறு கிராம் சுத்தமாக நிறுவப்படுகிறது.

அயல்நாட்டுத் தபால்தலையைத் தேடி அலையும் இத்துன்பத்துக்கு உலக அஞ்சல் சங்கம் கண்ட மருந்து, பன்னாட்டுப் பதில் கூப்பன் என்பது. 1906ஆம் ஆண்டு ரோம் மாநாட்டில் ஏற்கப்பட்டு 1907 அக்டோபர் முதல் புழக்கத்துக்கு வந்த இச்சீட்டை, அனுப்புபவர் தம் ஊர் அஞ்சலகத்தில் வாங்கி உறைக்குள் வைக்கிறார். பெறுபவர் அதைத் தம் ஊர் அஞ்சலகத்தில் கொடுத்து, வெளிநாட்டுக்கு ஒரு சாதாரணக் கடிதம் அனுப்பத் தேவையான குறைந்தபட்சக் கட்டணத்துக்குத் தம் நாட்டுத் தபால்தலையைப் பெற்றுக்கொள்கிறார். கொள்கை அளவில் இதில் குறை காண இயலாது. நடைமுறையிலோ, ஒரு கதையை நிராகரிக்க விரும்பும் ஆசிரியர், அதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டு, குடையோடு அஞ்சலகம் சென்று, வரிசையில் நின்று, அப்படியொரு சீட்டைத் தம் பணிக்காலத்தில் கண்டிராத எழுத்தருக்கு அதன் வரலாற்றை விளக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு உழைப்பை ஒரு கதைக்குச் செலவிடுவதைவிட அதைப் பிரசுரித்துவிடுவது எளிது என்று எந்த ஆசிரியரும் கருதாதது வியப்புக்குரியது. கூப்பனுக்கு ஆயுளும் அளவிடப்பட்டது: மாநாடு நடந்த நகரின் பெயரால் வழங்கும் அண்மைக்காலப் பதிப்புகளில், தோஹா கூப்பன் 2017 முடிவோடும் இஸ்தான்புல் கூப்பன் 2021 முடிவோடும் செல்லாமற்போயின. கதையைப் படிக்க ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் காலத்தைச் சங்கம் கணக்கில் கொள்ளவில்லை.

எழுத்தாளர்களுக்குப் பயன்பட்டதைக் காட்டிலும் இக்கூப்பன் வேறொருவருக்கு மிகுதியாகப் பயன்பட்டது. 1919இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த சார்லஸ் போன்சி என்னும் இத்தாலியருக்கு ஸ்பெயினிலிருந்து வந்த கடிதத்துள் ஒரு பதில் கூப்பன் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாணயங்கள் விழுந்திருந்ததால், அங்கே மலிவாக வாங்கிய கூப்பனை அமெரிக்காவில் கூடுதல் மதிப்புள்ள தபால்தலையாக மாற்றலாம் என்பதை அவர் கண்டுகொண்டு, 45 நாளில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். பின்னால் வந்தவர் பணத்தை முன்னால் வந்தவருக்கு இலாபமாகக் கொடுக்கும் இவ்வித்தை இன்றளவும் போன்சி திட்டம் என்று அவர் பெயரால் வழங்குகிறது. அதன் பாடம் தமிழ்நாட்டுக்கும் பலமுறை, தக்க கட்டணத்தோடு, நடத்தப்பட்டிருக்கிறது. அவர் திரட்டிய பணத்துக்கு ஏறத்தாழ 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்தவையோ 27,000 அளவே என்று கணக்கிடப்பட்டபோது மாளிகை சரிந்தது. 1920இல் அவர் ஒப்புக்கொண்ட குற்றத்தின் பெயர் அஞ்சல் மோசடி. தபால்தலையால் பணக்காரராக முயன்றவர் தபாலாலேயே சிறை சென்றார். கூப்பனில் உண்மையான இலாபம் இல்லை என்பதை அறிய, பாஸ்டன் மக்கள் கதை எழுதுவோர் எவரையேனும் கேட்டிருக்கலாம்.

கூப்பனை நம்பாதவர்கள் வேறு வழிகளை வகுத்தனர். வானொலி அலைகளில் அயல்நாட்டாரோடு பேசி மகிழும் ஹாம் வானொலியர், அவ்வாறு பேசியதற்குச் சான்றாகக் கியூ.எஸ்.எல். அட்டை எனப்படும் அஞ்சலட்டையைப் பரிமாறிக்கொள்வர். இதற்கு அனுப்பும் பதில் உறையோடு அமெரிக்க ஒரு டாலர் நோட்டு ஒன்றை மறைத்து வைப்பதும், அதற்குப் 'பச்சைத் தபால்தலை' என்று பெயரிட்டு வழங்குவதும் அவர்கள் மரபு. உறையின் மேல் தம் வானொலிக் குறிப்பெயரை எழுதினால் உள்ளே பணம் இருப்பதை வழியில் உள்ளோர் ஊகித்துவிடுவர் என்பதால் அதை எழுதலாகாது என்றும் அவர்களுக்குள் ஓர் எச்சரிக்கை உண்டு. விண்வெளியைத் தாண்டிக் குரல் அனுப்பத் தெரிந்தவர்களும் ஓர் உறையைத் தாண்டி ஒரு டாலரை அனுப்ப அஞ்சுவது, அஞ்சல் துறையின் பெருமைக்கே சான்று.

சரியான நாட்டின் தலையை, சரியான மதிப்பில் தேடிப் பிடித்து ஒட்டியவருக்கும் விடுதலை இல்லை. ஏனெனில் கட்டணம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அமெரிக்காவில் உள்நாட்டுக் கடிதத்தின் முதற்படிக் கட்டணம் 2006இல் 39 சென்ட், 2007இல் 41, 2008இல் 42, 2009இல் 44 என ஏறியது. ஓராண்டு காத்திருந்த கதை ஒவ்வொன்றும் ஓரிரு சென்ட் குறைவாகவே வீடு திரும்ப வேண்டியிருந்தது. விலை ஏறினாலும் செல்லுபடியாகும் 'என்றென்றும்' தபால்தலையை அந்நாடு 2007இல் வெளியிட்டது. வெளிநாட்டுக் கடிதத்துக்கு உரிய வட்டவடிவ 'என்றென்றும்' தலையை 2013 ஜனவரியில் வெளியிட்ட அதே வேளையில், பதில் கூப்பன் விற்பதையும் நிறுத்திவிட்டது. உலகின் முதல் தபால்தலையை 1840இல் வெளியிட்ட பிரிட்டனோ, பட்டைக்கோடு இல்லாத அன்றாடத் தபால்தலைகள் 2023 ஜனவரிக்குப் பின் செல்லா என்று அறிவித்து, முன்னெச்சரிக்கையாக வாங்கி அலமாரியில் அடுக்கியவர்களின் அரசித் தலைகளைப் படங்களாக்கியது.

குறைவாக ஒட்டினால் நேர்வதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உலக அஞ்சல் சங்கத்தின் ஆட்சிமொழி பிரெஞ்சு ஆதலால், கட்டணம் குறைந்த கடிதத்தின் மேல், கட்டணம் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தான 'டி' முத்திரையாக விழும். அது விழுந்த உறையைப் பெற, குறைந்த தொகையோடு அபராதத்தையும் பெறுபவரே செலுத்த வேண்டும். பழைய நாளில் இரண்டும் சேர்ந்து, குறைந்த தொகையின் இருமடங்காக இருந்தன. பதில் உறையில் பெறுபவரும் அனுப்பியவரும் ஒருவரே. தபால்காரர் வாசலில் நின்று, தெருவில் நால்வர் கேட்க, தம் கதை தமக்கே திரும்பியதற்கு அபராதம் கேட்கும் காட்சியைத் துன்பியல் நாடகம் எழுதியோர் எவரும் கையாளாமல் விட்டது, அவர்களுக்கு அந்த அனுபவம் சொந்தமாக இருந்ததாலேயே ஆகலாம்.

இவ்வளவையும் தொகுத்து நோக்கும்போது, 'போதிய' என்னும் சொல்லுக்கு ஒரு முரணான பொருள் கிடைக்கிறது. பதில் உறையில் ஒட்டிய தபால்தலை மிகச் சரியாக இருந்து, கூப்பன் உயிரோடிருந்து, எடை ஒரு கிராமும் மிகாமல் இருந்தால், அதன் பயனாக எழுத்தாளருக்குக் கிடைப்பது அவர் விரும்பாத ஒன்று. கதை ஏற்கப்பட்டால் அவ்வுறை திரும்புவதில்லை. ஆசிரியரின் மேசை இழுப்பறையில், தன் சொந்த முகவரியைப் பார்த்தபடி, ஒட்டிய தலையோடு கிடந்துவிடுகிறது. ஆகவே போதிய தபால்தலை என்பது, எவ்வளவு தேடியும் எவ்வளவு செலவிட்டும் சரியாகவே ஒட்ட வேண்டியதும், ஒட்டிய பின் வீணாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுமான தபால்தலை என்பதே அதன் முழு இலக்கணம்.