வெனீர் எழும்பிய கதவு

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டு மர பீரோவின் கதவில், மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீர் அடியோரமாக எழும்பிவிடும். அப்பா ஆசாரிக்குச் சொல்லி அனுப்புவார். வந்தவர் கதவு முழுக்க விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பார். ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். விட்டுப்போன இடத்தில் பொக்கென்று கேட்கும். "இஸ்திரிப் பெட்டியில கரி போட்டுக் கொண்டா தம்பி" என்பார். ஈரத்துணியை விரித்து அதன்மேல் பெட்டியை மெதுவாக ஓட்டுவார். தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தின் வாடை கிளம்பியதும், பசை இளகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, பலகையை வைத்து அழுத்திப் பாரம் ஏற்றிவிடுவார்.

ஈரமும் சூடும் பட்டால் வஜ்ஜிரம் இளகிவிடும். மழைக்கு விட்டதும் அதனால்தான். சூடு காட்டியதும் திரும்பப் பிடித்ததும் அதனால்தான். பழைய வஜ்ஜிரத்தின் மேலேயே புது வஜ்ஜிரம் ஒட்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம்.

1959-ல் ஃபெவிகால் வந்தது. காய்ச்ச வேண்டாம், நாற்றமில்லை, பிடிப்பும் அதிகம். தச்சர்களின் பாடு குறைந்தது உண்மை. ஆனால் அந்த வெள்ளைப் பசை காய்ந்துபோன தன் பழைய படலத்தோடு சரியாக ஒட்டாது. இன்று சமையலறை சிங்குக்குக் கீழே கதவின் வெனீர் எழும்பினால், வருகிறவர் பார்த்த மாத்திரத்தில் "ஷட்டரையே மாத்திடலாம் சார்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மாற்றத் தேவையில்லை. ஓரம் திறந்திருந்தால் மெல்லிய பிளேடை உள்ளே விட்டுப் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை தடவ வேண்டும். நடுவில் உப்பியிருந்தால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே கீறி, மருந்துக்கடை சிரிஞ்சில் பசையை ஏற்ற வேண்டும். பிதுங்கியதைத் துடைத்து, பட்டர் பேப்பர் வைத்து, மேலே பலகையும் கிளாம்பும் போட்டு ஒரு நாள் விட்டால் போதும். உப்புத்தாள் போடும்போதுதான் கை அடங்க வேண்டும். இன்றைய வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். இரண்டு இழுப்பு கூடினால் அடிப்பலகை தெரிந்துவிடும்.

உள்ளே பார்ட்டிகிள் போர்டு ஊறி உப்பியிருந்தால் மட்டும் எந்தப் பசையும் உதவாது. புதுச் சமையலறை போடுகிறவர்கள் சிங்குக்குக் கீழே ஈரம் தாங்கும் பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள். கதவைக் கீலில் மாட்டுவதற்கு முன்பே, கண்ணில் படாத அந்த அடிவிளிம்புக்கும் வார்னிஷ் அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.