பரப்பிலிருந்து சதுர அடிக்கு

யாழ்ப்பாணத்துத் தீவுகளான புங்குடுதீவிலும் வேலணையிலும் காணியைப் பரப்பில்தான் சொல்வார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர்; ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி. கொழும்பு வெள்ளவத்தையில் 900 சதுர அடி பிளாற் வாங்கிய தீவுக்காரர், ஊரில் மாட்டுக்கொட்டில் நின்ற அளவு இடத்துக்குக் குடிபோயிருக்கிறார். விலையை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

1990-91இல் போருக்குத் தப்பித் தீவுகளைவிட்டு வெளியேறிய சனத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரமிருக்கவில்லை. இப்போது கொழும்புக்குப் போகிறவர்களுக்கு நேரம் தாராளம், அதுதான் வில்லங்கம். "அம்மி ஏனம்மா, மிக்ஸி இருக்குதல்லோ?" என்று ரொறன்ரோவிலிருந்து மகள் கேட்பாள். அம்மா பதில் சொல்லாமல் உலக்கையையும் சேர்த்துக் கட்டுவா. மூன்றாம் மாடியில் இடிக்கத் தொடங்கினால் கீழ்வீட்டார் மேலே வருவார்கள், அவ்வளவுதான்.

நெடுந்தீவாருக்கு இந்தக் கவலை குறைவு. குறிகட்டுவான் இறங்குதுறை வரை படகில் பெட்டகத்தை ஏற்றி இறக்கும் கூலியே பாதிச் சாமானை ஊரில் நிறுத்திவிடும்.

ஊர் வீட்டை விற்கலாமே? உறுதியில் கிணற்றுப் பங்குகூட எழுதியிருக்கும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமைப்படி, விற்குமுன் பங்காளருக்கு அறிவிக்க வேண்டும். பங்காளர் நாலு நாட்டில். வாங்க ஒருவரும் இல்லை; விற்கவிடவும் ஒருவரும் இல்லை.