ராஜாவும் வேலூருக்குத்தான் போனார்

எங்கள் காரைதீவில் ஒருவர் வேலூருக்குப் போகிறார் என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கத்தான். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எங்கும் இதே கதைதான். விசா, டிக்கெட், ஒரு கட்டு எக்ஸ்ரே, முன்னே போய் வந்தவர் எழுதித் தந்த லொட்ஜ் விலாசம். இவை ஒன்றும் இல்லாமல் இலங்கையிலிருந்து வேலூருக்குப் போன பெரிய மனிதர் ஒருவர் உண்டு: கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவரிடம் யாரும் விசா கேட்கவில்லை. திரும்பி வர டிக்கெட்டும் கொடுக்கவில்லை.

நாங்கள் படித்த காலத்தில் அவர் பாடப்புத்தகத்துக் கெட்ட ராஜா. தன் மந்திரி எகெலபொலையின் பிள்ளைகளைக் கொன்றவர். 1815 பெப்ரவரி 18இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார், மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம், பாடம் முடிந்தது. இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம் என்று வாத்தியார் சொன்னார். அது சோதனைக்கு வராது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிறகு அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று புத்தகமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையோடு சிங்கக் கொடிக்கு நேரே வரிசையில் நின்றோம். அந்தச் சிங்கமே அவருடைய கொடியில் இருந்து வந்ததுதான்.

பல வருடம் கழித்து, கல்முனைக் காக்கா ஒருவருக்குத் துணையாக வேலூர் போனேன். ஸ்கேன் முடிவு வர நேரமிருந்தது. ஆட்டோக்காரரிடம் முத்து மண்டபம் என்றோம்.

"அங்க என்ன சார் இருக்கு?"

"எங்கட ராஜா இரிக்காரு" என்றார் காக்கா.

பாலாற்றங்கரை. ஆறு என்றது மணல். 1816இல் ராஜாவைக் கப்பலில் கொண்டுவந்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் மகோதர நோயில் இறந்தார். சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அந்த ஊரில் வைத்தியம் தொடங்க இன்னும் 68 வருடம் இருந்தது. ராஜாவின் கல்லறையைச் சுற்றி இந்த முத்து மண்டபத்தை எழுப்பியது தமிழ்நாடு அரசு, 1990இல்.

நாங்கள் போன நாளில் மண்டப நிழலில் இருவர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். கல் இடுக்கில் விரல் நீளத்தில் ஓர் அரசங்கன்று, செம்பு நிறத் தளிரோடு.

"1626இல கண்டிச் செனரத் ராஜா எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு மட்டக்களப்புப் பக்கம் இருக்க இடம் குடுத்தவரு. அந்த ராச்சியத்துக் கடைசி ராஜாவுக்குப் புல்லுப் புடுங்க ஆளில்ல, பாத்தியா?" என்று காக்கா கன்றைப் பிடித்து இழுத்தார். தண்டு கையோடு வந்தது. வேர் உள்ளே நின்றுவிட்டது. அந்த வேர்தான் பிறகு பருத்துக் கல்லைப் பிளக்கும்.

ராஜாவுடைய பொருள்களுக்கு இந்தக் கதி இல்லை. சிம்மாசனமும் கிரீடமும் 1934இல் இங்கிலாந்திலிருந்து அரச மரியாதையோடு திரும்பின. சிம்மாசனம் கொழும்பு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கொடியை ஈ. டபிள்யூ. பெரேரா லண்டன் செல்சியில் கண்டுபிடித்தார். 1948இல் சுதந்திரத்தோடு ஏறியது. உட்கார்ந்த கதிரையைத் துடைக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. உட்கார்ந்தவருக்குத்தான் இல்லை. கொடுங்கோலன் என்பார்கள். கதிரை மட்டும் நல்ல கதிரையா?

எலும்பைக் கொண்டுவந்து ஊர்வலம் விடச் சொல்லவில்லை; அதை வைத்து இங்கே தேர்தல் நடத்திவிடுவார்கள். கேட்பது சின்ன வேலை. கன்றை வேரோடு அழிக்க வேண்டும். பழைய கட்டுமானத்தில் விரிசல் கண்டால் சிமெந்து அப்பாமல் சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டும். எழுத்துள்ள கல்லில் பெயின்டும் அசிட்டும் படக் கூடாது. மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட வழி வேண்டும். இலங்கை, தமிழ்நாடு இரண்டு அரசுகளுக்கும் இது செலவே இல்லை.

மருந்தெடுக்க வேலூர் போகிறவர்களே, ரிப்போர்ட் வரும்வரை லொட்ஜில் படுத்திருக்காமல் ஒருமுறை பாலாற்றங்கரைக்கும் போய்ப் பாருங்கள். ஆள் வந்து போகிற இடத்தைத்தான் எந்த அரசும் கூட்டிப் பெருக்கும்.